லீஸ்: வாடகையா, கடனா?

சென்னையில் ‘வீடு லீசுக்கு, 15 லட்சம்’ என்று ஒரு விளம்பரம் வந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 15 லட்சத்தை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது அதே 15 லட்சம் கைக்குத் திரும்ப வர வேண்டும். தென்மாவட்டங்களில் இதையே ஒத்தி என்பார்கள். பத்திர எழுத்தர் போக்கியம் என்று எழுதுவார். பெங்களூரிலும் லீஸ், மும்பையில் ஹெவி டெபாசிட்.

ஆங்கிலத்தில் லீஸ் என்ற பெயர்ச்சொல் இதைக் குறிப்பதில்லை. அங்கே லீஸ் என்பது வாடகை ஒப்பந்தம்தான்; மாதாமாதமோ வருடாவருடமோ வாடகை உண்டு. நம் ஊர் லீசில் வாடகையே கிடையாது. வீட்டுக்காரர் வாங்குவது, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கக் கொடுத்து வாங்கும் கடன். இது சொல்லாராய்ச்சி செய்கிறவர்களின் கவலை மட்டும் அல்ல. கொடுத்த 15 லட்சம் திரும்ப வராமல் போகும்போது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தப் பத்திரம் காப்பாற்றும் என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கடனைக் கொடுத்துவிட்டு, வாடகைக்கான காகிதத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் சொல்லும் லீஸ்

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 105-இல் லீசுக்கு இலக்கணம் தருகிறது. அசையாச் சொத்தை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ அனுபவிக்கும் உரிமையை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பது லீஸ். அதற்கு ஈடாக முன்கூட்டி ஒரு விலை தரலாம். அல்லது பணமாகவோ, விளைச்சலில் பங்காகவோ, சேவையாகவோ அவ்வப்போது தரலாம். முன்கூட்டித் தருவது பிரீமியம், அவ்வப்போது தருவது வாடகை. வயலைக் குத்தகைக்கு விட்டு அறுவடைக்கு இத்தனை மூட்டை நெல் என்று அளப்பதும் இந்த இலக்கணத்துக்குள் அடங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரீமியமாகக் கொடுத்த பணம் திரும்பி வராது. இத்தனை வருடம் அனுபவித்ததற்கான விலை அது. அனுபவித்தாயிற்று, கணக்கு முடிந்தது.

உலகில் பேசப்படும் பெரிய லீஸ்கள் எல்லாம் இந்த வகைதான். முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 வருடம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. 1970-இல் அது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 வருடத்துக்கு ஒரு சீன நிறுவனத்திடம் போனது. அதற்காக இலங்கைக்கு வந்த சுமார் 112 கோடி டாலரை 99 வருடம் கழித்துத் திருப்பித் தர வேண்டியதில்லை. இவற்றில் கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்ற உறவே கிடையாது.

நம் ஊர் லீசில் கொடுத்த தொகை முழுசாகத் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டிய பணம் கடன். அந்தக் கடனுக்குப் பிடிமானமாக வீடு நம் கையில் இருக்கிறது. இதே சட்டத்தின் பிரிவு 58(டி) இதற்குப் பொருத்தமான இலக்கணத்தை வைத்திருக்கிறது. சொத்தின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, கடன் கொடுத்தவரிடம் ஒப்படைப்பது, பணம் தீரும்வரை அவர் அதை வைத்துக்கொள்வது, வட்டிக்குப் பதிலாக வாடகையையும் வருமானத்தையும் அவரே எடுத்துக்கொள்வது. போக்கிய அடமானம் என்பது இதுதான். ஊர்ப் பத்திரங்களில் ‘தொகைக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை’ என்று ஒரு வரி வருமே, சட்டம் நாலு வரியில் சொல்வதை அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த வழக்கம் சட்டமாகவே ஏறியிருக்கிறது. டச்சுக்காரர் 1707-இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் ஒற்றிக்கு (நம் ஒத்திதான்) தனி இடம் உண்டு. நிலத்தை ஒற்றிக்கு வாங்கி வைத்திருப்பவருக்கு, அது விற்பனைக்கு வரும்போது வாங்குவதில் முன்னுரிமையும் இருந்தது. இன்றைய இலங்கையில் லீசிங் என்றால் வேறு பொருள். தவணையில் எடுத்த ஓட்டோ, வான், மோட்டார் சைக்கிள். 2000-ஆம் ஆண்டின் 56-ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி நடப்பது அது. வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கும். ஓட்டுகிறவர் பதிவு உரிமையாளர் மட்டும். கடைசித் தவணை கட்டி முடித்த பிறகுதான் வாகனம் அவர் பெயருக்கு முழுதாக மாறும். கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்து ‘லீஸ்’ என்று கேட்பவரும், சென்னையிலிருந்து அங்கே போய்க் கேட்பவரும் இரண்டு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

15 லட்சத்தின் கணக்கு

மாதம் 15,000 ரூபாய் வாடகை வரக்கூடிய இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊர்க்கணக்கில் லீஸ் தொகை கணிப்பது ஒரு வட்டியை வைத்துத்தான். அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். 15,000 வாடகைக்கு 15 லட்சம். பகுதியையும் வீட்டுக்காரரின் அவசரத்தையும் பொறுத்து இது ஏறும், இறங்கும்.

குடியிருப்பவர் பக்கம்: அந்த 15 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் வைத்திருந்தால் வருடம் 1,05,000, மாதம் 8,750 வந்திருக்கும். அந்த வட்டியை விட்டுக்கொடுத்து 15,000 வாடகையை மிச்சப்படுத்துகிறார். மாதம் 6,250 ஆதாயம். மூன்று வருடத்தில் 2,25,000. ஆனால் பணம் சொந்தச் சேமிப்பாக இருக்க வேண்டும். 13 சதவீதத்தில் தனிநபர் கடன் வாங்கி லீசுக்குப் போட்டால் முதல் மாத வட்டியே 16,250, வாடகையைவிட அதிகம். நகையை அடகு வைத்துப் போடுகிறவர்களும் வட்டி விகிதத்தைப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வாடகைப் படிக்கான வருமான வரிச் சலுகை, உண்மையில் வாடகை கட்டினால்தான் கிடைக்கும். லீஸ் வீட்டில் வாடகையே இல்லாததால் அந்தச் சலுகையும் இல்லை.

வீட்டுக்காரர் பக்கம்: மாதம் 15,000 வாடகையை இழந்து 15 லட்சம் வாங்குகிறார். அதாவது வருடத்துக்கு 12 சதவீத வட்டி கட்டிக் கடன் வாங்குகிறார். அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் அவருக்கு நஷ்டம். இரண்டு வட்டி, மூன்று வட்டிக் கடனை அடைக்கப் பயன்படுத்தினால் லாபம். வீட்டை ஈடு வைத்து வங்கியில் வாங்கும் கடன் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த வட்டியில் கிடைக்கும். அப்படியிருந்தும் ஒருவர் லீசுக்கு விடுகிறார் என்றால் வங்கிக்குப் போகாததற்கு ஏதோ காரணம் இருக்கிறது. மாதத் தவணை கட்டச் சிரமம், வருமானச் சான்று இல்லை, பத்திரத்தில் சிக்கல், ஏற்கெனவே கடன் இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு உடனே பணம் வேண்டும், மேல்மாடி கட்டுகிறார். இதில் பல நேர்மையான காரணங்கள்தான். ஆனால் எது என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது. வீட்டின் காற்றோட்டத்தையும் தண்ணீரையும் ஒரு மணி நேரம் பார்ப்பவர்கள், கடன் வாங்குகிறவரின் நிலைமையைப் பத்து நிமிடம்கூட விசாரிப்பதில்லை.

இந்தக் கணக்கின் உட்பொருள் இவ்வளவுதான்: 2,25,000 ரூபாய் மிச்சத்துக்காக 15 லட்சத்தை ஆபத்தில் வைக்கிறோம். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைச் செலவழித்தாவது முதல் தொகையைக் காப்பாற்ற வேண்டும்.

கையில் இருக்கும் காகிதம்

வழக்கமாக நடப்பது என்ன? குறைந்த மதிப்புள்ள முத்திரைத் தாளில் ‘வீட்டு லீஸ் ஒப்பந்தம்’ என்று தலைப்புப் போட்டு, மூன்று வருடம் என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கி முடித்துவிடுகிறார்கள். பதிவு செய்வதில்லை.

இந்தக் காகிதம் சட்டத்தின் முன் இரண்டு விதத்திலும் நிற்காது. இதை லீஸ் என்று எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 107-உம் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் பிரிவு 17-உம் அப்படித்தான் சொல்கின்றன. வாடகை ஒப்பந்தங்களை 11 மாதத்துக்கு எழுதும் பழக்கம் இதைத் தவிர்க்க வந்ததுதான். இதை அடமானம் என்று எடுத்துக்கொண்டால், 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள போக்கிய அடமானம், உரிமையாளர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமும் கொண்ட பதிவுப் பத்திரத்தால் மட்டுமே உருவாகும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 59. நோட்டரி முத்திரை பதிவுக்கு ஈடாகாது. பதிவாகாத பத்திரத்தை அதில் சொல்லியிருக்கும் உரிமையை நிலைநாட்டுவதற்குச் சாட்சியமாக வைக்க முடியாது. எந்த வகையில் வீட்டுக்குள் வந்தார் என்பது போன்ற பக்க விஷயங்களுக்கு மட்டும் காட்டலாம். அதற்குக்கூட முத்திரைத் தீர்வை குறைவு என்று நீதிமன்றம் தாளைப் பிடித்து வைத்து, குறைவான தீர்வையையும் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கேட்கலாம்.

கடைசியில் மிஞ்சுவது, வீட்டில் குடியிருக்கிறோம் என்ற நிலையும், பணம் கொடுத்திருக்கிறோம் என்பதற்கான வங்கிக் கணக்கு ஆதாரமும். பணத்தைக் கேட்டு சாதாரணக் கடன் வழக்குப் போடலாம். அதற்குக் காலக்கெடு 3 வருடம். வீட்டின் மேல் உரிமை கோர முடியாது.

இப்படியிருந்தும் எல்லோரும் இந்தக் காகிதத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பதிவுச் செலவு. தமிழ்நாடு பதிவுத்துறையின் பட்டியலில் சுவாதீனத்துடன் கூடிய அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 30 வருடத்துக்குக் குறைந்த லீசுக்கு 1 சதவீதமும் 1 சதவீதமும். அதில் பதிவுக் கட்டணத்துக்கு 20,000 ரூபாய் உச்சவரம்பு. 15 லட்சத்துக்குப் போக்கியமாகப் பதிவு செய்தால் 60,000 + 15,000 = 75,000 ரூபாய். லீஸ் என்று பதிவு செய்தால் 30,000. கட்டணங்கள் திருத்தப்படுவதால் பதிவு நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே போட்ட கணக்குக்கு வருவோம். மூன்று வருட ஆதாயம் 2,25,000. முழுப் பதிவுச் செலவையும் குடியிருப்பவரே ஏற்றாலும் 1,50,000 மிச்சம். ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்தால் இன்னும் நல்லது. பதிவுக்கே சம்மதிக்காத வீட்டுக்காரர் என்றால், அந்த வீட்டை விட்டுவிடுவதுதான் சரி. சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் இந்தக் கடன் ஏறக் கூடாது என்று அவர் நினைப்பதற்குச் செலவைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம்.

லீஸ் என்ற பெயரில் பதிவு செய்வது பாதி வழி. குறிப்பிட்ட காலம் குடியிருக்கும் உரிமை உறுதியாகிவிடும். கொடுத்த தொகை மட்டும் பிடிமானமில்லாத டெபாசிட்டாகவே நிற்கும். அந்தத் தொகைக்கு வீடே ஈடு என்று எழுதினால் அது அடமானத்தின் தன்மைக்குப் போய்விடும். பத்திரத்தின் தலைப்பைவிட உள்ளே இருக்கும் ஏற்பாட்டைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது

அடிக்கடி நடப்பது, காலம் முடிந்தும் வீட்டுக்காரரிடம் பணம் இல்லாமல் போவது. வாங்கிய பணம் எப்போதோ செலவாகிவிட்டது. அடுத்த லீஸ்காரர் கொண்டுவரும் பணத்தை வாங்கித்தான் இவருக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பகுதியில் லீஸ் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்வரை இந்தச் சுழற்சி ஓடும். அடுத்த ஆள் கிடைக்கவில்லை அல்லது குறைத்துக் கேட்கிறார் என்றால் நின்றுவிடும். தென்கொரியாவில் ஜோன்சே என்ற பெயரில் இதே முறை நாடு முழுக்க நடக்கிறது; ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடம், தொகை வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூடப் போகும். 2022-க்குப் பிறகு வீட்டு விலை இறங்கியபோது ஏராளமானவர்களுக்கு டெபாசிட் திரும்பவில்லை. 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே சிறப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே அங்கே உள்ளூர் அலுவலகத்தில் ஒப்பந்தத்துக்குத் தேதி முத்திரை வாங்கினால் முன்னுரிமை கிடைக்கும் வசதியும், டெபாசிட்டுக்குப் பொதுத்துறை உத்தரவாதமும் இருந்தன. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை; பதிவு அலுவலகம் ஒன்றுதான் இருக்கிறது.

‘முதலில் காலி செய்யுங்கள், அடுத்தவர் வந்ததும் ஒரு வாரத்தில் தந்துவிடுகிறேன்’ என்பதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. வீடு கையில் இருப்பதுதான் குடியிருப்பவரின் பலம். ஒரு சொத்தை வாங்குகிறவர், அங்கே உண்மையில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுடைய உரிமையை அறிந்தவராகவே கருதப்படுவார் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 3. வீடு கைமாறினாலும், குடியிருப்பவரைத் தெரியாது என்று புதியவர் சொல்ல முடியாது. சாவியைக் கொடுத்துவிட்டால் அந்தப் பலம் போய்விடும். பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவி.

அடுத்த ஆபத்து வங்கிக் கடன். இதில் பெரிய தொகைகள் போயிருக்கின்றன. வீட்டுக் கடனில் இருக்கும் வீட்டை உரிமையாளர் லீசுக்கு விடுகிறார். பிறகு தவணை கட்டுவதை நிறுத்துகிறார். 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின் கீழ் வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடுகிறது. அடமானத்தில் இருக்கும் சொத்தை உரிமையாளர் லீசுக்கு விடும் அதிகாரத்துக்கு சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 65ஏ எல்லை போட்டிருக்கிறது. கட்டடம் என்றால் 3 வருடத்துக்கு மேல் கூடாது. நியாயமாகக் கிடைக்கக்கூடிய முழு வாடகையை வைக்க வேண்டும். பிரீமியம் வாங்கக் கூடாது. வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது. நம் ஊர் லீசில் வாடகையே இல்லை, மொத்தத் தொகையும் முன்கூட்டியே போய்விடுகிறது. ஆகவே வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் போட்ட லீஸ் வங்கியைக் கட்டுப்படுத்தும் என்று நம்ப இடமில்லை. முந்தைய அடமானம் பிந்தைய போக்கியத்தை முந்தும். பதிவு செய்திருந்தாலும் அப்படித்தான்.

கடன் பாக்கி இருக்கும் வீட்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. பாக்கி லீஸ் தொகைக்குள் அடங்கினால், பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் நேரே வங்கியின் கடன் கணக்கில் கட்டி, கடன் முடிந்த கடிதத்தையும் மூலப்பத்திரங்களையும் வாங்கச் செய்து, வங்கி அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிவு செய்து, அதே கையோடு போக்கியத்தையும் பதிவு செய்வது.

மூன்றாவது, நடுவில் நிற்கும் ஏஜென்சி. உரிமையாளரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, குடியிருப்பவரிடம் அதே வீட்டை மொத்தத் தொகைக்கு லீஸ் என்று கொடுக்கிறார்கள். சில மாதம் உரிமையாளருக்கு வாடகை போகும். பிறகு நின்றுவிடும். வாடகை வராத உரிமையாளர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயம் தெரிகிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. லீஸ் பணம் பத்திரத்தில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும். அவருக்குப் பதில் பவர் ஏஜென்ட் வந்தால், அந்தப் பவர் பத்திரம் பதிவானதா, அடமானம் வைக்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, இடையில் ரத்து செய்தாரா என்ற நான்கையும் பார்க்க வேண்டும்.

ரொக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். அதைவிட, ‘10 லட்சம் செக், 5 லட்சம் கையில்’ என்று கொடுத்தவரிடம் அந்த 5 லட்சத்துக்கு ஆதாரம் இருக்காது.

போக்கியம் எழுதும்போது

முதலில் வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து 30 வருடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அது பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகாமல் இருந்தால் வில்லங்கத்தில் வராது. அதனால் மூலப்பத்திரத்தின் அசலை நேரில் பார்ப்பது கட்டாயம், ஜெராக்ஸ் போதாது. வங்கிகள் தங்கள் அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் இணையதளத்தில் சிறு கட்டணத்தில் தேடவும் முடியும். சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, பட்டா ஆகியவற்றில் இருக்கும் பெயர்கள் பத்திரத்தோடு ஒத்துப் போக வேண்டும். உரிமையாளர் இறந்து வாரிசுகள் இருந்தால் அத்தனை வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். அண்ணன் மட்டும் போட்டால் தங்கையின் பங்கு கட்டுப்படாது.

பத்திரத்தில் தொகை எண்ணாலும் எழுத்தாலும், பணம் போன தேதி, வங்கிப் பரிமாற்ற எண், சுவாதீனம் கொடுத்த நாள், காலம், காலி செய்ய இரு தரப்பும் தர வேண்டிய முன்னறிவிப்பு ஆகியவை இருக்க வேண்டும். சொத்து விவரத்தில் கதவு எண், சர்வே எண், நான்கெல்லை, அடுக்குமாடி என்றால் பிரிபடாத நிலப் பாகம், மின் இணைப்பு எண். சொத்து வரியும் பெரிய பழுதும் யார் பொறுப்பு, பராமரிப்புக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பல பத்திரங்களில் விடுபடும் வரி ஒன்று உண்டு. வெறும் போக்கிய அடமானம் வைத்திருப்பவர், பணம் வராவிட்டால் வீட்டை விற்றுத் தரச் சொல்லி வழக்குப் போட முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 67 அதைத் தடுக்கிறது. பணம் வரும்வரை வீட்டிலேயே இருக்கலாம், அவ்வளவுதான். வேலை மாறி வேறு ஊருக்குப் போக வேண்டியவருக்கு இது பெரிய சிக்கல். ‘காலம் முடிந்ததும் தொகையைத் திருப்பித் தர நான் சொந்தப் பொறுப்பேற்கிறேன், தவறினால் இத்தனை சதவீத வட்டியுடன், இந்தச் சொத்தை விற்று வசூலித்துக்கொள்ளலாம்’ என்ற பொருளில் ஒரு ஷரத்து சேர்த்தால், பிரிவு 68-இன் கீழ்ப் பணத்துக்கும், பத்திரத்தின் அடிப்படையில் சொத்து விற்பனைக்கும் வழி திறக்கும். எழுதுகிறவரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்; அவராகச் சேர்ப்பது அரிது.

அதற்கு எதிர்ப்பக்கமாக, ‘மூன்று வருடத்தில் பணம் தராவிட்டால் வீடு குடியிருப்பவருக்கே கிரயமாகிவிடும்’ என்று சிலர் எழுதச் சொல்கிறார்கள். அது செல்லாது. பணத்தைக் கொடுத்துச் சொத்தை மீட்கும் உரிமையை பிரிவு 60 உரிமையாளருக்குத் தருகிறது. ஒரு ஷரத்து போட்டு அதைப் பறிக்க முடியாது. போக்கியம் எத்தனை வருடம் பழையதானாலும் அந்த உரிமை தானாக அழிந்துவிடாது என்று 2014-இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாத்தா காலத்தில் ஒத்திக்கு வைத்த நிலத்தைப் பேரன் பணம் கட்டி மீட்கக் கேட்கலாம் என்பதன் அடிப்படையும் அதுதான்.

பாதி லீஸ், பாதி வாடகை என்றொரு முறையும் இருக்கிறது: 7 லட்சம் மொத்தமாக, மாதம் 8,000 வாடகை. ஆபத்துத் தொகை குறைவதால் இதை நாங்கள் நல்ல ஏற்பாடாகவே கருதுகிறோம். வாடகை ரசீதும் கையில் இருக்கும். பழைய வரி முறையில் இருப்பவர், கட்டிய அந்த வாடகைக்கு வரிச் சலுகையும் கேட்கலாம். வெறும் அட்வான்ஸ் என்பது இவற்றிலிருந்து வேறு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தரவும் சொல்கிறது.

காலி செய்யும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கும். போக்கியம் பதிவாகியிருந்தால் பணம் பெற்றுக்கொண்டதற்கான மீட்பு ரசீதும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்கிய குடித்தனக்காரர் கையெழுத்திடப் போக வேண்டும் என்பதால், பணப் பரிமாற்றத்தையும் ரசீதுப் பதிவையும் சாவியையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டால், பணம் தீர்ந்த பிறகும் வில்லங்கச் சான்றில் போக்கியம் நிற்கும். சில வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது வாங்குகிறவரின் வங்கி அதைக் காட்டிக் கடனை நிறுத்தும். பழைய குடித்தனக்காரரை வீட்டுக்காரர் அப்போது ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும்.